பேட்டியில் முதலில் கேள்வியைப் படியுங்கள்

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். மிசிசிப்பி, அலபாமா, லூசியானா என்று அமெரிக்காவின் தென்மாநிலங்களைச் சேர்ந்த எழுத்தாளர்கள் தங்கள் ஊரைப் பற்றியும், அங்கே கறுப்பின மக்களுக்கு நடந்ததைப் பற்றியும் கொடுத்த பேட்டிகளை நிறையப் படித்துவருகிறீர்கள். ஒரே ஆள் ஒரு பேட்டியில் ஒன்று சொல்கிறார், இன்னொன்றில் அதையே மாற்றிச் சொல்கிறார். இவற்றை வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா, இல்லை இலக்கியப் பேச்சு என்று ஒதுக்கிவிட வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கடைசியில் "அப்படியானால் யாரை நம்புவது?" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்வியின் உயிர் அதில்தான் இருக்கிறது. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் ஒரு கலைக்கல்லூரியில் 26 வருடம் அமெரிக்க இலக்கியம் நடத்தியவள். தென்மாநில எழுத்துதான் என் ஆய்வுத்துறை. ஆனால் அந்த மண்ணில் வளர்ந்தவள் இல்லை. அந்தப் பேச்சுவழக்கு காதுக்குப் பழகவே எனக்குப் பல வருடம் பிடித்தது. அதனால் ஒருவர் எந்தத் தொனியில் பேசினார் என்பதை வைத்து நான் ஏதாவது சொன்னால் அதை என் ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தாளர்களிடம் போவதற்கு முன்னால், எழுத்தாளர் அல்லாத ஒரு மூதாட்டியிடம் போக வேண்டும். 1936 முதல் 1938 வரை, பெரும் பொருளாதார மந்தக் காலத்தில், அமெரிக்க அரசு வேலையில்லாமல் தவித்த எழுத்தாளர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பல பணிகளில் அமர்த்தியது. அவற்றில் ஒன்று, அடிமைகளாகப் பிறந்து அப்போதும் உயிரோடிருந்த முதியவர்களைத் தேடிப்போய்ப் பேச்சுக்கொடுத்து எழுதிவருவது. 17 மாநிலங்களில் 2,300க்கும் மேற்பட்டவர்களின் நினைவுகள் இப்படிச் சேர்ந்தன. பேசியவர்களில் பெரும்பாலோருக்கு எண்பது வயதுக்கு மேல். 1865இல் விடுதலை வந்தபோது அவர்கள் சிறு பிள்ளைகள், அல்லது இளவட்டங்கள். கேட்டு எழுதியவர்களில் பெரும்பாலோர் அதே ஊர்களைச் சேர்ந்த வெள்ளையர்கள்.

தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியை 1937இல் இரண்டு பேர் தனித்தனியாகப் போய்ப் பார்த்தார்கள். ஒருவர் ஜெஸ்ஸி பட்லர், வெள்ளைக்காரப் பெண்மணி. அவரிடம் மூதாட்டி தன் எசமானர் நல்லவர், தங்களை நன்றாகவே வைத்திருந்தார் என்ற மாதிரிப் பேசினார். மற்றவர் ஆகஸ்டஸ் லாட்சன். அவர் கறுப்பினத்தவர் என்பதே ஆய்வாளர்கள் கொள்வது. அவருடைய தாளில் இருக்கும் மூதாட்டி வேறு ஆள் போல இருக்கிறார். சவுக்கடியைச் சொல்கிறார். இரவு கல்யாணமான ஒரு ஜோடியில் மனைவியை மறுநாள் காலையே எசமானர் விற்றுவிட்டதைச் சொல்கிறார். பிள்ளையைப் பிரித்துக்கொண்டு போகும்போது தாய் போட்ட கூச்சலைச் சொல்கிறார். இரண்டு தாள்களிலும் அவருடைய பெயர்கூட ஒரே மாதிரி இல்லை. ஒன்றில் ஹாம்லின், மற்றதில் ஹாமில்டன்.

இந்த இரண்டு தாள்களையும், இரண்டும் ஒரே ஆளுடையவை என்று சொல்லாமல், ஒவ்வொரு வருடமும் மாணவர்களிடம் கொடுப்பேன். படித்து முடித்ததும் விஷயத்தைச் சொல்வேன். ஒரு வருடம் ஒரு பெண் எழுந்து, "அப்போ எந்தத் தடவை பாட்டி பொய் சொன்னாங்க, மேடம்?" என்று கேட்டாள். நீங்கள் கேட்பதும் கிட்டத்தட்ட அதுதான். நான் அவளைப் பட்லரின் தாளைத் திரும்ப எடுத்து, ஓரிடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். பட்லர் நேர்மையாக ஒன்றை எழுதிவைத்திருக்கிறார்: மூதாட்டி தன்னை நிவாரண அலுவலகத்திலிருந்து வந்தவர் என்று நினைத்துவிட்டார். வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. வேளைக்குச் சாப்பாடு நிச்சயமில்லாத காலம். நூறு வயதை ஒட்டிய ஒரு கறுப்பினப் பெண். உதவிப்பணம் வருமா வராதா என்பது யார் கையில் இருக்கிறது என்று அவர் நம்புகிறாரோ, அந்த வெள்ளைக்காரப் பெண்மணி எதிரில் உட்கார்ந்து, "உங்கள் எசமானர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்கிறார். என்ன பதில் வரும்?

இதில் எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துக்கொள்ளலாம். இரண்டு பேட்டிகள் நடந்தன என்பதும், முதலாவதில் மூதாட்டி ஆளைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்பதும் உறுதி. பயம் எப்போதும் ஒரு பக்கமாகத்தான் இழுக்கும் என்பதால், வரலாற்று ஆசிரியர்கள் இரண்டாவது பேச்சுக்கே அதிக எடை கொடுக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் லாட்சனும் கேட்டதையெல்லாம் எழுதியிருக்க மாட்டார். தனக்கு முக்கியம் என்று பட்டதை எழுதியிருப்பார். ஒலிப்பதிவு கிடையாது. நம் கையில் இருப்பது மூதாட்டியின் குரல் என்று சொல்கிறோமே தவிர, இரண்டு பேர் அதைக் கேட்டு எழுதிய எழுத்துதான் இருக்கிறது. உச்சரிப்பை எப்படி எழுதுவது என்பதிலேயே ஆளுக்கு ஒரு வழி. சிலர் முதியவர்களின் பேச்சைக் கேலிச்சித்திரம் போல ஆக்கிவிட்டார்கள். அந்தத் திட்டத்தில் கறுப்பினம் சார்ந்த பகுதிகளுக்குப் பொறுப்பாக இருந்த கவிஞர் ஸ்டெர்லிங் பிரவுன், எழுத்தைக் கோணலாக்கி உச்சரிப்பைக் காட்டுவதைவிடச் சொற்றொடரின் வழக்கைக் காப்பதே முக்கியம் என்று அறிவுறுத்த வேண்டியிருந்தது.

இவ்வளவு நேரம் இதிலேயே நின்றதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் எழுத்தாளர்கள் எல்லோரும் படித்தவர்கள், புகழ் பெற்றவர்கள், உதவிப்பணத்துக்காக யாரையும் எதிர்பார்க்க வேண்டாதவர்கள். அவர்கள் விஷயத்திலும் இதேதான் நடக்கிறது. யார் கேட்கிறார், எப்போது கேட்கிறார், எதைக் கேட்கிறார் என்பது பதிலின் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது. ஆனால் நாம் பேட்டியைப் படிக்கும்போது கேள்வியைத் தாண்டிப் பதிலுக்கு ஓடிவிடுகிறோம்.

நீங்கள் குறிப்பிட்ட, மிசிசிப்பியின் வெள்ளையின நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னரின் பேட்டியைப் பார்ப்போம். 1956 பிப்ரவரி. அலபாமா பல்கலைக்கழகத்தில் நீதிமன்ற உத்தரவோடு சேர்ந்த ஆதரின் லூசி என்ற கறுப்பின மாணவியை ஒரு கும்பல் சூழ்ந்து விரட்ட, பல்கலைக்கழகம் அந்த மாணவியையே இடைநீக்கம் செய்திருந்தது. அந்தப் பெண் திரும்பப் போனால் கொன்றுவிடுவார்கள் என்று ஃபாக்னர் நடுங்கிக்கொண்டிருந்தார். அந்த நிலையில் ரசல் ஹவ் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளரிடம் பேசினார். சண்டை என்று வந்துவிட்டால் அமெரிக்காவை எதிர்த்து மிசிசிப்பி பக்கம் நிற்பேன், தெருவில் இறங்கிக் கறுப்பின மக்களைச் சுடுவதாக ஆனாலும் சரி என்ற பொருள்பட அவர் சொன்னதாக அச்சில் வந்தது. நோபல் பரிசு பெற்றவரின் வாயிலிருந்து வந்த வார்த்தை. பெரிய அதிர்ச்சி. நிதானத்தில் இருக்கும் யாரும் சொல்லாத பேச்சு அது என்று ஃபாக்னர் மறுத்து எழுதினார். தான் எழுதிய குறிப்பு சரியானதே என்று ஹவ் நின்றார்.

அன்று ஃபாக்னர் எந்த நிலையில் இருந்தார் என்பதை இனி யாராலும் உறுதிப்படுத்த முடியாது. அவர் குடித்திருந்தார் என்பவர்கள் உண்டு. அதைச் சொல்லி அவரை விடுவித்துவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. ஏனென்றால் இதே ஆள் அதற்கு மூன்று மாதம் முன்புதான், 1955 நவம்பரில், மெம்ஃபிஸ் நகரில் வரலாற்றறிஞர்கள் கூட்டத்தில் இனப்பிரிவினைக்கு எதிராகப் பேசி, சொந்த ஊர்க்காரர்களின் வசவையும் மிரட்டலையும் வாங்கிக்கட்டிக்கொண்டவர். இரண்டும் அவர்தான். ஊர்க்காரர்கள் முன்னால் வட்டாரத்தின் தவறைச் சுட்டிக்காட்டியவர், வெளியூர்க்காரர் கேள்வி கேட்டதும் வட்டாரத்துக்கு வேலி கட்டினார். நம் வீட்டைப் பற்றி நாமே குறை சொல்வோம், வெளியாள் சொன்னால் முகம் சிவக்கும், அந்த மாதிரி. ஆனால் இங்கே அந்த வேலிக்கு வெளியே நின்றது யார் என்று பார்க்க வேண்டும். அதைப் பார்த்தவர் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின். அவசரப்படாதீர்கள், மெதுவாகப் போங்கள் என்று ஃபாக்னர் அப்போது எழுதிவந்தார். காத்திருக்கச் சொல்பவர் தன் காலத்தைச் செலவழிக்கவில்லை, பிறத்தியாரின் வாழ்நாளைச் செலவழிக்கிறார் என்பதுதான் பால்ட்வின் அதே வருடம் எழுதிய பதிலில் நான் படிக்கும் செய்தி. கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். 1955இல் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கடத்திக் கொன்ற வழக்கில், வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு 67 நிமிடத்தில் கொலையாளிகளை விடுவித்ததே, அந்த சம்னர் ஊர் நீதிமன்றப் படிகளில் வந்து என்னோடு விவாதியுங்கள் என்று ஃபாக்னரை அழைத்தார். ஃபாக்னர் மறுத்துவிட்டார். இந்தப் பேட்டியைப் படிக்கிறவர்கள் பால்ட்வினையும் டுபாய்ஸையும் சேர்த்துப் படிக்காவிட்டால், ஒருவர் மட்டும் பேசும் தொலைபேசி உரையாடலை ஒட்டுக்கேட்டது போலத்தான்.

அப்புறம் ஜாக்சன் நகரம். எனக்கு மிகப் பிடித்த, மிகவும் வலிக்கிற பகுதி இது. 1963 ஜூன் 12, நள்ளிரவு தாண்டிய நேரம். மிசிசிப்பியின் தலைநகரான ஜாக்சனில், கறுப்பின மக்களின் உரிமை இயக்கத்தின் களச்செயலாளர் மெட்கர் எவர்ஸ் வீட்டுக்குத் திரும்பிக் காரை விட்டு இறங்கும்போது முதுகில் சுடப்பட்டு இறந்தார். அதே ஊரில் வேறொரு பகுதியில் இருந்தவர் வெள்ளையின எழுத்தாளர் யூடோரா வெல்டி. செய்தி வந்த அன்றே, யார் சுட்டது என்று தெரியாத நிலையில், சுட்டவனே "நான்" என்று பேசும் ஒரு சிறுகதையை ஒரே மூச்சில் எழுதினார். நியூயார்க்கர் இதழ் ஜூலை 6 தேதியிட்ட இதழில் அதை வெளியிட்டது. அதற்குள் சுட்டவன் என்று பைரன் டி லா பெக்வித் கைதாகிவிட்டதால், கதையில் நிஜத்தோடு ஒத்துப்போன விவரங்களைக் கடைசி நேரத்தில் மாற்ற வேண்டியிருந்தது. ஊகித்து எழுதியது வழக்குக்கே இடைஞ்சலாகிவிடும் அளவுக்கு உண்மைக்குப் பக்கத்தில் போயிருந்தது! பிறகு வந்த பேட்டிகளில், இத்தனை காலம் அந்த ஊரில் வாழ்ந்ததால் அப்படி ஒருவனின் மனம் எப்படி ஓடும் என்று தனக்குத் தெரிந்தது என்று வெல்டி விளக்கினார். ஆனால் அவர் கற்பனை செய்தது ஓர் ஏழை வெள்ளையனை. பெக்வித் வந்தது நொடித்துப்போன ஒரு பழைய குடும்பத்திலிருந்து. வெறுப்பு ஏழை வெள்ளையரின் சொத்து என்று தென்மாநிலத்து நல்ல குடும்பங்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட சமாதானம் வெல்டியின் கதைக்குள்ளும் நுழைந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றும். இது என் வாசிப்பு மட்டுமே. பெக்வித் மீதான இரண்டு விசாரணைகள் 1964இல் நடுவர்கள் ஒரு முடிவுக்கு வராமல் நின்றுபோயின. தண்டனை கிடைத்தது 1994இல்.

எவர்ஸ் வசித்த அதே தெருவில் இன்னொரு எழுத்தாளரும் வசித்தார், கறுப்பினத்தவர். மார்கரெட் வாக்கர். ஜாக்சன் மாநிலக் கல்லூரியில் 1949இலிருந்து ஆசிரியை. இன்று அந்தத் தெருவுக்கு அவருடைய பெயர்தான். நான் படித்த வரையில் வெல்டியைப் பேட்டி கண்டவர்கள் கதை எப்படிப் பிறந்தது, குரலை எப்படிப் பிடித்தீர்கள், புகைப்படக்கலை உங்கள் எழுத்துக்கு என்ன கொடுத்தது என்று கேட்கிறார்கள். இனப் பிரச்சினை இடையில் வந்துபோகும். வாக்கரிடம் உட்கார்ந்ததும் முதல் கேள்வியே இனம்தான். ஒருவரைக் கலைஞர் என்று நினைத்துக் கேட்கிறார்கள், மற்றவரைச் சாட்சி என்று நினைத்துக் கேட்கிறார்கள். வாக்கரும் வெல்டி அளவுக்கு எழுத்துக்கலையில் தேர்ந்தவர். அவர் நாவலின் கட்டுமானத்தைப் பற்றிக் கேட்ட பேட்டிகள் எனக்கு அதிகம் கண்ணில் படவில்லை. நீங்கள் சேர்த்துவைத்திருக்கும் பேட்டிகளில் பதில்களை மறைத்துவிட்டுக் கேள்விகளை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். அந்த வட்டாரத்தின் இன வரலாறு கேள்விகளிலேயே தெரியும்.

வாக்கர் விஷயத்தில் இன்னும் ஒன்று. சிறுவயதில் பாட்டி அவருக்குத் தன் தாயின் கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஜார்ஜியாவில் அடிமையாக இருந்த கொள்ளுப்பாட்டியின் கதை. கட்டுக்கதை சொல்லிப் பிள்ளையைக் கெடுக்காதே என்று வீட்டில் முணுமுணுத்தபோது, இது கட்டுக்கதை இல்லை, நடந்தது என்று பாட்டி அடித்துச் சொன்னதை வாக்கர் பதிவு செய்திருக்கிறார். அதை நாவலாக்க அவருக்கு ஏறக்குறைய முப்பது வருடம் ஆயிற்று. பாட்டி சொன்னதை அவர் அப்படியே நம்பவும் இல்லை, சந்தேகப்பட்டு ஒதுக்கவும் இல்லை. ஆவணக்காப்பகங்களுக்கும் அந்த ஊர்களுக்கும் போய்த் தேடினார். நாவல் 1966இல் வந்தது. 1968இல் தன் கல்லூரியிலேயே கறுப்பின மக்களின் வரலாறு, வாழ்க்கை, பண்பாடு பற்றிய ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் இன்று அங்கே பெரிய சேகரமாக இருக்கின்றன. யாரை நம்புவது என்ற கேள்விக்கு இதைவிட உழைப்பான பதிலைக் கொடுத்த எழுத்தாளர் எனக்குத் தெரிந்து இல்லை.

எழுத்தாளரே கேள்வி கேட்பவராக இருந்தால் என்ன ஆகும்? சோரா நீல் ஹர்ஸ்டன் அப்படிப்பட்டவர். மானிடவியல் படித்தவர். அலபாமாவில் மோபில் நகரை ஒட்டிய ஆஃப்ரிக்காடவுனில் கோசோலா என்ற முதியவரை 1927இலும் 1928இலும் போய்ப் பார்த்தார். வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது 1808இலிருந்தே சட்டவிரோதம். அதை மீறி 1860இல் கிளோடில்டா என்ற கப்பல் நூறு பேருக்கும் மேல் ஏற்றி வந்தது. அதில் வந்தவர் கோசோலா. ஹர்ஸ்டன் பீச் பழமும் தர்ப்பூசணியும் கொண்டுபோவார். சில நாள் முதியவர் பேசவே மாட்டார், இருவரும் பழம் தின்றுவிட்டுக் கலைவார்கள். அதையும் ஹர்ஸ்டன் எழுதிவைத்தார். அந்த மௌனமும் பதிவானதால்தான் நான் அந்தப் புத்தகத்தை நம்புகிறேன். முதியவரின் பேச்சுவழக்கை மாற்ற ஹர்ஸ்டன் சம்மதிக்காததும் ஒரு காரணமாக அது அப்போது அச்சேறவில்லை, 2018இல்தான் வந்தது. ஆனால் முழுதும் பூச்சூட்டிவிட முடியாது. 1927இல் இதே முதியவரைப் பற்றி அவர் வெளியிட்ட முதல் கட்டுரையின் பெரும்பகுதி வேறொருவரின் நூலிலிருந்து எடுத்தது என்பது பின்னால் தெரியவந்தது. பின்னால் வந்த நூலுக்கு அதே சந்தேகத்தை அப்படியே நீட்டுவது சரியாகாது. இதில் அவர் பல வாரம் எதிரில் உட்கார்ந்து கேட்டது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. கோசோலாதான் அந்தக் கப்பலில் வந்தவர்களில் கடைசியாக உயிரோடிருந்தவர் என்று நெடுநாள் சொல்லிவந்ததும் நிற்கவில்லை. 1935இல் அவர் இறந்த பிறகும் உயிரோடிருந்த பெண்கள் பற்றிய ஆவணங்கள் அண்மையில் வெளிவந்தன. கப்பலின் உடைந்த மிச்சம் 2019இல் உறுதிசெய்யப்பட்டது. முதியவர் சொன்ன கதையின் முதுகெலும்பு ஆற்றுச் சேற்றுக்குள் கிடந்தது.

இன்னொரு நல்ல வழி, எழுத்தாளர் பேட்டியில் கையை நீட்டிக் காட்டும் இடத்துக்குப் போய்ப் பார்ப்பது. நடாஷா டிரெத்வே மிசிசிப்பியின் கடற்கரை ஊரான கல்ஃப்போர்ட்டில் பிறந்த கவிஞர். 1966 ஏப்ரல் 26. அந்த வட்டாரத்தில் அது அடிமை முறைக்காகப் போரிட்ட கூட்டமைப்புப் படைவீரர்களின் நினைவுநாள். அம்மா கறுப்பினம், அப்பா வெள்ளையர். அவர்களுடைய திருமணம் அன்று மிசிசிப்பியில் சட்டப்படி குற்றம் என்பதால் ஒஹாயோ போய்ச் செய்துகொண்டார்கள். அத்தகைய சட்டங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 1967இல். பேட்டிகளில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் ஓர் இடம், ஊருக்கு எதிரே கடலில் இருக்கும் ஷிப் தீவு. உள்நாட்டுப் போரில் அந்தத் தீவின் கோட்டையில் கூட்டமைப்புக் கைதிகளைக் காவல் காத்தவர்கள் கறுப்பினப் படைவீரர்கள். கோட்டையில் கைதிகளின் பெயர்களுக்கு நினைவுப் பலகை இருந்தது. காவல் காத்தவர்களுக்கு அப்போது எதுவும் இல்லை. இங்கே கவிஞரை நம்புவதா வேண்டாமா என்ற கேள்வியே எழவில்லை. படகேறிப் போய்ப் பார்க்கலாம், படையணியின் ஏடுகளைப் புரட்டலாம். அவர் சொன்னது சரி என்று தெரியும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எர்னஸ்ட் கெயின்ஸ் 1971இல் எழுதிய நாவல், 100 வயது தாண்டிய ஒரு கறுப்பினப் பெண்ணிடம் ஒரு வரலாற்று ஆசிரியர் ஒலிப்பதிவுக் கருவியோடு பேட்டி எடுப்பதாக அமைந்தது. முழுக்கக் கற்பனை. ஆனால் அந்தப் பெண் நிஜமாகவே இருந்தார் என்று நம்பியவர்கள் ஏராளம். 1930களில் எடுத்த அந்த முதியவர்களின் பேட்டிகளை கெயின்ஸ் ஊன்றிப் படித்திருந்ததால் வந்த நம்பகத்தன்மை அது. பேட்டி வடிவத்தில் இருக்கிறது என்பதற்காக ஒன்று பேட்டியாகிவிடாது. மேற்கோள் காட்டும் முன் நூலின் முன்பக்கத்தைப் பாருங்கள்.

உங்கள் பட்டியலை நான் இப்படி மாற்றி அடுக்குவேன். எழுத்தாளர் பெயர்வாரியாக வைக்காமல் தேதிவாரியாக வையுங்கள். 1954க்கு முன், 1955-56, 1963-64, அதற்குப் பிறகு. 1954இல்தான் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு பேட்டிக்கும் ஓரத்தில், கேட்டவர் யார், எந்த இதழ், அச்சுக்கு முன் எழுத்தாளர் திருத்தினாரா என்று தெரிந்த வரை குறித்துக்கொள்ளுங்கள். மிசிசிப்பி பல்கலைக்கழகப் பதிப்பகம் எழுத்தாளர் உரையாடல்களை ஆள்வாரியாகத் தொகுத்து வெளியிட்டுவருகிறது. ஒருவரின் முப்பது நாற்பது வருடப் பேச்சு ஒரே அட்டைக்குள் கிடைப்பதால் மாற்றங்கள் பளிச்சென்று தெரியும். அந்த முதியவர்களின் பேட்டிகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. சூசன் ஹாம்லினின் இரண்டு தாள்களிலிருந்து தொடங்குங்கள். பிறகு 1963 ஜூன் மாதத்துக்கு வந்து, வெல்டியையும் வாக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டு பேரும் ஒரே ஊரில் வாழ்ந்தவர்கள்.